அகழிக்கரைப் பலகை

சனிக்கிழமைகளில் நானும் கணவரும் மோர்டனிலிருந்து காரில் குரோய்டனுக்கும் அப்பால் போவோம். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பண்ணைக்காரர் தன் வயலோரத்தில் எங்களுக்குத் தோட்டம் செய்யக் கொஞ்சம் நிலம் வாடகைக்குத் தந்திருந்தார். பக்கத்தில் சதுரமாக ஒரு அகழி, பாசி பிடித்த தண்ணீர், நடுவில் பற்றை மண்டிய மேடு. ராசாக்கள் காலத்தில் யாரோ பணக்காரன் அங்கே வீடு கட்டி, சுற்றிவர அகழி வெட்டினானாம். எனக்கு அது நுளம்பு பெருகிக் கடிக்கிற கிடங்கு, அவ்வளவுதான்.

போன கோடையில் ஒரு பெண் வந்து அகழியை அளந்தாள், படம் எடுத்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். அளக்க வந்தவளுக்கு என்ன சிரிப்பு? அடுத்த கிழமை கரையில் ஒரு பலகை நின்றது: பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம், தோண்டக் கூடாது.

ஊரில் அப்பாவின் காணியிலும் முதலில் இப்படி ஒரு பலகைதான் வந்தது. பிறகு கம்பிவேலி வந்தது, காவலுக்குத் துப்பாக்கியோடு ஆமி வந்தது. அதன்பிறகு எங்கள் காணியை நாங்கள் ரோட்டில் நின்றுதான் பார்த்தோம்.

"இஞ்சரும், இது லண்டன். சும்மா பயப்பிடாதையும்," என்றார் கணவர்.

"அங்கையும் சும்மா பலகைதான் எண்டு சொன்னவை."

பண்ணைக்காரர் மேலும் எனக்குச் சந்தேகம். அன்று வழக்கத்தைவிடக் குழைந்து பேசினார், முட்டையும் தந்தார். காரியமில்லாமல் யார் முட்டை தருவார்கள்? மனுசன் எங்களை விற்றுவிட்டார் என்றே முடிவுகட்டினேன். விரல் பருமன் பீற்றூட், பிஞ்சுப் போஞ்சி எல்லாவற்றையும் பிடுங்கத் தொடங்கினேன்.

"இன்னும் முத்தேல்லை," என்றார் கணவர்.

"முத்தும்வரைக்கும் விடுவினமோ?"

பிடுங்கி முடிக்கும்போது அந்தப் பெண் வந்தாள். நாங்கள் எப்போது வெளியேற வேண்டும் என்று நேரே கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. உங்கள் தோட்டம் எல்லைக்கு வெளியே இருக்கிறது, அந்த மேடுகூட இன்னும் பண்ணைக்காரருடையதுதான், தோண்டாமல் இருந்தால் போதும் என்றாள். நான் நம்பவில்லை.

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பண்ணைக்காரர் படலையைத் திறந்து, ஆடுகளைச் சாய்த்துக்கொண்டு பலகையைத் தாண்டி மேட்டுக்குப் போனார். கூப்பிட்டுத் தடுப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவள் ஆடுகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

எனக்கு நிம்மதி வரவில்லை. அந்த மனுசன் மேல் பொறாமைதான் வந்தது. ஊரில் பலகைக்குப் பின்னால் வேலி வந்த நாளிலிருந்து சாகும்வரை என் அப்பாவுக்குத் தன் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளக் கிடைக்கவில்லை.