போதும் என்று சொல்லும்வரை

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். இப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்து அதுவரை நானும் சிரித்தவன்தான்.

நான் கார் மெக்கானிக். சொந்தப் பட்டறை. கூட வேலை பார்த்தது என் மனைவி ஒருத்திதான். ஸ்டியரிங் வேலை என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காருக்கு அடியில், குழிக்குள் நின்று, ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் மூட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். மூட்டு தேய்ந்திருந்தால் கையில் 'டக்' என்று தட்டும். நான் "ஆட்டுடி" என்பேன். "போதும்" என்று சொல்லும்வரை அவள் ஆட்டுவாள். சும்மா ஆட்டமாட்டாள். "என் கை கழண்டு விழுந்தா அதையும் நீங்களே மாட்டி விடுங்க!" என்று மேலே இருந்து திட்டு வந்துகொண்டே இருக்கும்.

அவள் இறந்துபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. திட்ட ஆளில்லாத வீட்டுக்குப் போகவே பிடிக்காது. இருட்டிய பிறகும் பட்டறையிலேயே எதையாவது நோண்டிக்கொண்டு கிடப்பேன்.

அன்று ஒரு டீச்சரின் பழைய கார். இடது பக்க மூட்டு நன்றாகத் தேய்ந்திருந்தது. ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸோடு மண் அப்பிக் கிடந்தது. கழற்றிவிட்டுப் புதியது போட்டேன். காலையில் டீச்சர் வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு. மணி ஒன்பதே கால். கடைசியாக ஒருமுறை சரிபார்க்கக் குழிக்குள் இறங்கினேன். புது மூட்டைக் கையால் பிடித்தேன்.

பழக்க தோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆட்டுடி."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. கையை எடுக்கப் போனேன்...

கம்பி அசைந்தது.

இடது. வலது. இடது.

மேலே சீட் கிரீச்சிட்டது. டிரைவர் பக்கச் சக்கரத்து ஸ்பிரிங் ஒரு விரல் அளவு அழுந்தியிருந்தது. யாரோ ஏறி உட்கார்ந்தால் அப்படித்தான் அழுந்தும்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. என் மனைவி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

"நீதானா?"

ஆட்டம் சட்டென்று நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. முன்னைவிட வேகமாக.

"சாப்பிட்டியா?" என்றேன். எட்டு மாதம் கழித்து வந்தவளிடம் கேட்க வேறு எதுவும் தோன்றவில்லை. கம்பி ஆடிக்கொண்டே இருந்தது. "போதும்" என்று நான் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவாளே. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன்.

வெகு நேரம் கழித்துத்தான் அது உறைத்தது.

திட்டு வரவில்லை.

என் மனைவி இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு ஆட்டியதே கிடையாது. இது ஒரே சீராக ஆடியது. மூச்சுச் சத்தம்கூட இல்லை.



சாவி...?

சட்டைப் பையைத் தொட்டேன். சாவி என்னிடம்தான் இருந்தது. சாவியை எடுத்துவிட்டால் அந்த ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பயில்வான் வந்தாலும் திருப்ப முடியாது.

கம்பி என் கைக்குள் ஆடியது.

இடது...

வலது...

மேலே ஏறினேன். பார்த்தேன். சீட்டில் யாரும் இல்லை.

ஸ்டியரிங் மட்டும்...

ஓடினேன்.

காலையில் வந்து பார்த்தபோது ஸ்டியரிங் பூட்டியபடி அசையாமல் இருந்தது. ஆனால் முன்சக்கரங்களுக்கு அடியில் சிமென்ட் தரை கன்னங்கரேல் என்று இருந்தது. அவ்வளவும் டயர் ரப்பர். ராத்திரி முழுக்கத் தேய்த்தால்தான் அவ்வளவு கறுப்பு ஏறும்.

டீச்சர் வந்தார்.

"இந்த வண்டிய முன்னாடி யாரு வெச்சிருந்தாங்க டீச்சர்?"

"எங்க பக்கத்து வீட்டு அக்கா. பாவம்ணே அவங்க. அவங்க வீட்டுக்காரர் ஜாக்கி போட்டு, அடியில படுத்து ஸ்டியரிங்க பாத்துக்கிட்டு இருந்திருக்கார். அக்கா உள்ள உக்காந்து ஆட்டியிருக்காங்க. ஜாக்கி சரிஞ்சு வண்டி அவர் மேலயே எறங்கிடுச்சு..."

"அப்புறம்?"

"வேலை முடிஞ்சு வண்டிய இறக்குறார்னு அக்கா நெனச்சிருக்காங்க. ஆனா அவரு போதும்னு சொல்லல. அதனால அரை மணி நேரம் ஆட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. போன வருஷம் அக்காவும் போய்ட்டாங்க. கடைசி வரைக்கும் அதேதான் பேச்சு. 'அவரு இன்னும் போதும்னு சொல்லலியே...'"

"நீதானா?" என்று நான் கேட்டபோது, அந்த அம்மா என்னை யாரென்று நினைத்தாரோ?

நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. "போதும்மா" என்று சொன்னால் அவருக்கு விடுதலை. வாய்வரை வந்தது. பட்டறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். குழி, எண்ணெய்க் கறை, ஒரே ஒரு நாற்காலி. பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ராத்திரியும் தனியாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு அதைவிடப் பயமாக இருந்தது.

டீச்சர் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு டீச்சர்," என்றேன். "நாளைக்கு வாங்க."