எழும்பாத வாங்கு

வெல்லக்கூடிய ஒரு மனிதரைத் தோற்கடித்தவன் நான். என் தங்கையின் கணவருக்குக் கையேந்திப் பாத்திஹா ஓதிக் கொடுத்த வாக்கை, கொழும்பில் ஒரு தேநீர் இடைவேளையில் முறித்தேன். ஊருக்கு வந்து பொய்யும் சொன்னேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாட்டுக்கு ஜனாதிபதி முறை வந்து அதிக காலமாகவில்லை. நான் கல்முனையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சின்ன எதிர்க்கட்சி ஒன்றின் ஊர்க் கிளைக்குச் செயலாளராகவும் இருந்தேன். அந்தக் கட்சியும் ஜனாதிபதித் தேர்தலில் ஆள் நிறுத்துவதென்று முடிவெடுத்தது. வேட்பாளராக வர இருவர் விரும்பினார்கள். ஒருவர் தலைவரின் உறவினர். அவர்தான் வருவார் என்று கொழும்பில் எல்லோரும் சொன்னார்கள். மற்றவர் மலைநாட்டுச் சட்டத்தரணி. வயதானவர், பணமில்லாதவர். அவருடைய பெயரைப் பத்திரிகைகள்கூடப் பிழையாகத்தான் போட்டன. சூறாவளியில் எங்கள் கரையின் தென்னைகள் விழுந்து கிடந்தபோது லொறியில் அரிசி கொண்டுவந்தவர் என்பதால் எங்களுக்கு அவரைத் தெரியும்.

தங்கையின் கணவரான மச்சானுக்கு அவர் வேண்டியிருந்ததற்கு வேறு காரணம் இருந்தது. மச்சானின் வயல் சம்மாந்துறைக்கு அப்பால். அரசாங்கத் திட்டமொன்றுக்கென்று அந்த வயல்வெளி முழுவதையும் எடுத்து எல்லைக்கல் நட்டுவிட்டார்கள். காணி உறுதிப் பத்திரம் கையில் இருந்தது. வரம்பில் கால் வைக்க விடவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வார். மச்சானின் ஒரே மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. வயல் போனதும் அவளுடைய வீட்டுச் சுவர் ஜன்னல் உயரத்தோடு நின்றுவிட்டது.

அந்தச் சுவரில் இருந்தபடிதான் ஒருநாள் என்னோடு கதைத்தார்.

"அவர் ஜனாதிபதியா வரமாட்டார், அது எனக்கும் தெரியும். கட்சி அவர நிப்பாட்டினாக் காணும், அது போதும் மச்சான். மறுகா பெரிய கட்சிக்காரன் ஆதரவு கேட்டு அவர்ர வாசலுக்கு வருவான். வந்தா முதல் கதை நம்மட காணிதான் எண்டு என்ட கையப் புடிச்சிச் சொல்லியிரிக்கார்."

"கட்சி அவர நிப்பாட்டுமா?"

"நீங்க எழும்பினா நிப்பாட்டும். எனக்குக் கதைக்கத் தெரியா. என்ட இடத்துல நீங்க போங்க. படிப்பிக்கிற சேர் சொன்னா மத்தவங்க கேப்பாங்க."

கட்சி மாநாட்டுக்குப் போய் எழும்பி நின்று வாக்களிக்கும் பிரதிநிதிகளில் அவரும் ஒருவர். அந்த இடத்தை எனக்குத் தந்தார்.

புறப்படுவதற்கு முன் மதரசாவில் கூடினோம். சட்டத்தரணிக்கே எழும்புவதென்று முடிவாயிற்று. எங்கள் ஊரில் கூடி ஒரு முடிவெடுத்தால் கடைசியில் எல்லோரும் கையேந்திப் பாத்திஹா ஓதுவோம். ஓதிய பிறகு அதை மாற்றுவதில்லை. எவ்வளவு பெரிய கையெழுத்தும் அதற்குக் கீழேதான். எங்களோடு மாநாட்டுக்கு வந்த மீன் முதலாளி முகத்தைத் தடவிக்கொண்டே சிரித்தார். "ஓதியாச்சி. இனி மாறினா நம்மட வலையில நெத்தலியும் ஏறா."

மாநாட்டு மண்டபத்தில் மாவட்டத்துக்கு ஒரு வாங்கு, நீளப் பெஞ்சு, போட்டிருந்தார்கள். பெயரைச் சொல்லும்போது அந்த ஆளுக்கு ஆதரவானவர்கள் எழும்பி நிற்க வேண்டும். தேநீர் இடைவேளையில் தலைவரின் உறவினருடைய ஆள் ஒருவர் என் தோளில் கைபோட்டு, ஆங்கிலத்தில், கிழக்கில் உங்களைப்போல படித்த ஒருவர்தான் எங்களுக்கு இல்லை என்றார். அவ்வளவுதான். எந்தப் பதவியையும் அவர் சொல்லவில்லை. நான்தான் அந்தக் கையின் சூட்டோடு கணக்குப் போட ஆரம்பித்தேன். கிழவர் எப்படியும் தோற்பார். தோற்கிறவருக்கு எழும்பினால் நாளைக்கு இந்தக் கட்சியில் எங்களை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

வாங்குக்கு வந்து அதையே சொன்னேன். மீன் முதலாளி திகைத்துப்போனார்.

"பாத்திஹா ஓதினமே சேர்?"

"அது ஊர்க் காரியம். இது கட்சிக் காரியம். இத அது கட்டுப்படுத்தா."

மார்க்கத்தில் அப்படி ஒரு பேச்சே இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் சொன்னவன் சேர். சட்டத்தரணியின் பெயர் வந்தது. எங்கள் வாங்கு அசையவில்லை. நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசைகளில் ஆட்கள் எழும்பும் சத்தம் கேட்டது. நான் நினைத்ததைவிட அதிகமாகக் கேட்டது. அடுத்த பெயருக்கு நாங்கள் எழும்பினோம்.

தலைவரின் உறவினர் வென்றார் என்று முடிவு வந்தபோது இரண்டு பேருக்கும் இடையில் எங்கள் ஒரு வாங்கு அளவுகூட வித்தியாசம் இல்லை. கிழவர் வெல்லமாட்டார் என்று என்னைப்போல இன்னும் எத்தனை வாங்குகளில் எத்தனை பேர் கணக்குப் போட்டு அவரைத் தோற்கடித்தார்களோ தெரியாது. என் வாங்கை எனக்குத் தெரியும். வாசலில் கிழவர் எங்களைக் கண்டு நின்றார். கோபிக்கவில்லை. "உங்க வயல்காரர் வரலையா?" என்று மட்டும் கேட்டார்.

ஊரில் மச்சான் பஸ்ஸடியில் காத்துக்கொண்டு நின்றார். "நாங்க எழும்பினோம். ஆக்கள் போதாமப் போயிற்று," என்றேன். மீன் முதலாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு விலகிப் போனார்.

மச்சான் என் கையைப் பிடித்தார். "நஸீபு. அல்லாட நாட்டம். நீங்க என்ன செய்யிற? எழும்பினீங்களே, அது காணும்." அன்று எங்கள் எல்லோருக்கும் கோழி அறுத்துச் சோறு போட்டார். நான் தின்றேன்.

கட்சி நிறுத்திய ஆளிடம் யாரும் பேரம் பேச வரவில்லை. அவர் தேர்தலில் நின்ற அடையாளமே இல்லாமல் போனார். என்னையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு போகம் பொறுத்துப் பார்த்துவிட்டு விலகினார்கள். மச்சான் சம்மாந்துறை அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அங்கேயும் ஆட்களிடம், எங்கட ஊர்க்காரன் மாறல்ல, எழும்பித்தான் நிண்டவன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைக் கேள்விப்பட்ட பிறகு என்னால் தொழுகையில் நிற்க முடியவில்லை. கைகட்டினால் வாங்குதான் நினைவுக்கு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அந்தச் சுவரடிக்குப் போனேன். நான் குடியிருப்பது மனைவியின் வீடு. எனக்கென்று இருந்தது வாப்பா தந்த கடற்கரைத் தென்னங்காணி ஒன்றுதான். அதை அவருடைய மகள், என் மருமகள் பேருக்கு எழுதித் தருகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை.

சுவரில் காய்ந்திருந்த சாந்தை நகத்தால் சுரண்டினார். பிறகு கேட்டார். "நீங்க எழும்பியிருந்தா அவர் வெண்டிருப்பாரா?"

"ஓம்."

"அல்லாட நாட்டம் எண்டு நினைச்சித்தான் இவ்வளவு நாளும் மனசு ஆறி இருந்தன். இப்ப அதையும் எடுத்திட்டீங்க."

காணியை அவர் தொடவில்லை. என் தங்கைதான் வாங்கி விற்று, சுவரை உயர்த்தி ஓடு போட்டாள். அதற்குள் மருமகளுக்கு வயது போய்விட்டது. மனைவியை இழந்த ஒருவர், பிள்ளைகளோடு, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். நான் போய் முன்வரிசையில் இருந்தேன். தாய்மாமன் இல்லாமல் முடியாதே. நிக்காஹ் முடிந்ததும் லெப்பை பாத்திஹா ஓதச் சொன்னார். எல்லோரும் கையேந்தினோம். எதிர்ப் பாயில் இருந்த மச்சான் மட்டும் கையேந்தவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவற்றை மடிக்கு இறக்கினேன். அதன் பிறகுதான் அவர் தன் கைகளை உயர்த்தினார்.