அணைத்த எஞ்சினில் மூன்று தட்டு

பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே, "வேலை வெட்டி இல்லையா?" என்று எழுந்து போகிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். நடந்தது பட்டப்பகலில். என் சொந்தப் பட்டறையில். கூட ஒரு ஆள் சாட்சி. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் தங்கைக்கு அது நிறைமாதம். அவள் வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டுமே என்று ஒரு பழைய கார் வாங்கினார். மெக்கானிக் மச்சான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வாங்கிய மறுநாளே எஞ்சினில் தட்டுகிற சத்தம்.

"மச்சான், நீங்கதான் காதால கேட்டே நோயைச் சொல்லிடுவீங்களே!"

"ஐஸ் வைக்கிறதெல்லாம் அப்புறம். பானெட்டைத் தூக்குங்க மாப்பிள்ளை."

அன்று ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்கு லீவு. எங்கள் இருவரைத் தவிர ஒரு ஈ காக்கா இல்லை. வால்வு இடைவெளி அதிகமானால் எஞ்சின் இப்படித் தட்டும். எஞ்சின் மூடியைக் கழற்றி எல்லா வால்வையும் ஒழுங்காக வைத்தேன். ஆயிலும் மாற்றினேன். மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்டார்ட் செய்தால்... டொக் டொக் டொக். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்தினேன். எங்களுக்கு அதுதான் டாக்டர் குழாய். மேலே ஒன்றும் இல்லை. ப்ளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். கோளாறு இருக்கிற சிலிண்டரை நிறுத்தினால் தட்டல் குறைய வேண்டும். குறையவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கீழே இறக்கினேன். எஞ்சினுக்கு அடியில் தொங்கும் ஆயில் தொட்டியில் வைத்தேன்.

அங்கே கேட்டது. பளிச்சென்று.

மாப்பிள்ளையை ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொன்னேன். எஞ்சினின் வேகம் கூடினால் அதன் சத்தமும் கூடியே தீர வேண்டும். எஞ்சின் அலறியது. தட்டல் மட்டும் மாறவில்லை. மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு.

ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்தேன்.

"கீழ ஏதோ தகரம் லூசா ஆடுது" என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"நான் பாக்குறேன்" என்று மாப்பிள்ளை ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்து வண்டியைத் தூக்கினார்.

"ஸ்டாண்டை முட்டுக்கொடுத்துட்டுப் போங்க. தரையெல்லாம் ஆயில்."

"ரெண்டு நிமிஷ வேலை மச்சான்!"

சொல்லி முடிப்பதற்குள் இடுப்புவரை உள்ளே போய்விட்டார். இன்றைக்கோ நாளைக்கோ அப்பா ஆகப் போகிற மனுஷன். வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். ஸ்டாண்டை எடுக்கத் திரும்பினேன். மணி மூன்று இருபது.

பட்டறை அமைதியானது.

டொக்... டொக்... டொக்.

"எதுக்குத் தட்டுறீங்க?"

"நான் தட்டல."

"விளையாடாதீங்க மாப்பிள்ளை!"

"சத்தியமா மச்சான்... ரெண்டு கையாலயும் டார்ச்சைப் பிடிச்சிருக்கேன்." அவர் குரல் உள்ளே போனது. "நீங்க... தட்டலையா?"

டொக்... டொக்... டொக்.

எஞ்சின் ஓடும்போது வண்டிக்கு அடியில் இருப்பவன் கத்தினால் மேலே இருப்பவனுக்குக் கேட்காது. அதனால் எங்கள் தொழிலில் ஸ்பேனரால் தட்டித்தான் பேசுவோம். ஒரு தட்டு என்றால் ஸ்டார்ட் பண்ணு. இரண்டு என்றால் அணை.

மூன்று என்றால்...

என்னை வெளியே இழு.

அவர் கால் இரண்டையும் பிடித்தேன்.

இழுத்தேன்.

சட்டை கிழிந்தது. அலறினார். தலை வெளியே வந்தது...

ஜாக்கி வழுக்கியது.

படார்!

அவர் நெஞ்சு இருந்த இடத்தில் தரைக்கும் ஆயில் தொட்டிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

இருவரும் தரையில் கிடந்தோம். அப்போது... ஆள் இல்லாத அந்த வண்டிக்கு அடியிலிருந்து...

டொக்... டொக்... டொக்.

டொக்... டொக்...

டொக்...

அவ்வளவுதான். நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த எஞ்சின் ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

தங்கைக்கு அந்த வாரமே பெண் குழந்தை பிறந்தது. வாடகைக் காரில்தான் ஆஸ்பத்திரி போனாள். குழந்தையை மாப்பிள்ளை கையில் கொடுத்தபோது அவர் என்னைப் பார்த்து அழுதார். நானும் அழுதேன். வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாது.

மனசு கேட்காமல், வண்டியை மாப்பிள்ளைக்கு விற்ற அந்த அம்மாவைத் தேடிப் போனேன். தட்டல் பற்றி வாய் திறக்கவில்லை. வண்டி இதற்கு முன்னால் எப்படி ஓடியது என்று மட்டும் கேட்டேன்.

"என் வீட்டுக்காரரும் உங்களை மாதிரி மெக்கானிக்தான் தம்பி. வாசல்ல இந்த வண்டியைத்தான் பாத்துட்டு இருந்தார். ஜாக்கி சறுக்கி வண்டி நெஞ்சுமேல விழுந்துருச்சு. கத்தக்கூட மூச்சு இருந்திருக்காது. நான் உள்ள சமைச்சுட்டு இருந்தேன். தட்டுற சத்தம் கேட்டுச்சு... வேலை பாக்குறாருன்னு நெனச்சேன். சத்தம் நின்னப்புறம்தான் சாப்பிடக் கூப்பிடப் போனேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"மூணு மூணாவே தட்டிட்டு இருந்தார் தம்பி. உங்க தொழில்ல அதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?"

"இல்லக்கா" என்றேன். "அது சும்மா வேலை நடக்குற சத்தம்தான்."