முள் ஏறவில்லை

அந்த மோட்டார் சைக்கிள் எனக்குச் சக்களத்தி. கல்யாணமாகி நான் சிட்லபாக்கத்துக்கு வந்தபோதே அது போர்டிகோவில் நின்றுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பிறந்த வருஷத்தில் செய்த வண்டி. இஞ்சினை இன்றுவரை பிரித்ததே இல்லை என்பது அவருக்குப் பெருமை. கல்யாண நாளை மறப்பார், அதற்கு ஆயில் மாற்றும் நாளை மறக்கமாட்டார்.

போன மழையில் கோவிலம்பாக்கம் பக்கம், தேங்கிய தண்ணீரில் பள்ளம் தெரியாமல் வண்டியோடு விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தார். வண்டியை விற்றே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"அதுக்குத் தம் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்மா. தம் போயிடுச்சுன்னா இஞ்சினைப் பிரிச்சு அறுக்கமாட்டேன். கேக்கறவங்களுக்குக் குடுத்துடறேன்" என்றார்.

கட்டுப் பிரித்த மறுவாரமே மறுபடி ஏறிவிட்டார். தெருமுனை அம்மன் கோயிலில் ஒரு கறுப்புக் கயிறு மந்திரித்து வாங்கி வந்தேன். சொன்னால் சிரிப்பார். "கயிறு கட்டினா பிரேக் பிடிக்குமா?" என்று கேட்கிற ஜாதி. அதனால் அவர் குளிக்கப் போன நேரத்தில், இடது பக்க ஹேண்டிலில் கறுப்பு ஒயர்கள் கூட்டமாக இருக்கிற இடத்தில் ரகசியமாகக் கட்டினேன். நழுவிவிடக் கூடாதே என்று இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டேன்.

அதற்கப்புறம் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. உதைத்தால் கால் சும்மா கீழே இறங்கியது, இஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. பிளக்கை மாற்றிப் பார்த்தார், கார்புரேட்டரைக் கழுவினார். ஒன்றும் நடக்கவில்லை. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று நான் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

பழைய வண்டிகளைச் சேர்க்கும் ஒரு பையன், சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, ரொம்ப நாளாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். கையில் கம்ப்ரஷன், அதாவது இஞ்சினுக்குள் காற்றழுத்தம், எவ்வளவு என்று முள்ளில் காட்டும் கேஜ். வாசலில் வண்டியை ஏற்றிப் போக ஒரு குட்டி யானை லோடு வண்டியும் நின்றது. அதைப் பார்த்ததும் இவர் முகம் சுருங்கிவிட்டது.

"டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம் சார். நூறுக்கு மேல காட்டினா இஞ்சின் நல்லா இருக்குன்னு அர்த்தம், நான் கிளம்பிடறேன். அம்பதுகூட வரலைன்னா பிரிச்சுத்தான் ஆகணும். அதை நான் பாத்துக்கறேன்" என்றான் பையன்.

இவர் தலையாட்டினார். சொன்ன சொல் மாறமாட்டார்.

பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் கேஜின் குழாயைத் திருகினான். காற்று முழுசாக உள்ளே போகவேண்டும் என்பதற்காக இவர் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டார். பையன் கிக்கரில் ஏறி நின்றான். முள்ளைப் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு.

உதைத்தான். முள் துள்ளி நின்றது. மறுபடி மறுபடி உதைத்தான். அதற்கு மேல் அசையவில்லை.

"நாப்பது" என்றேன்.

நான் வேண்டுமென்றே குறைத்துச் சொல்கிறேனோ என்று இவர் குனிந்து பார்த்தார். நாற்பதுதான்.

"பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கலாம்" என்று பையன் பிளக் ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டான். "ரிங்கா இருந்தா இப்ப ஏறும். ஏறலைன்னா வால்வு சரியா மூடலைன்னு அர்த்தம்."

மறுபடி உதைத்தான். முள் ஏறவில்லை.

"வால்வுதான் சார்."

"வால்வு எப்படிப்பா? உதைக்கறதுக்கு முன்னாடி இந்தக் குட்டி லிவரை அழுத்தி வால்வைத் தூக்குவோம்ல, விட்டா கப்புனு மூடுமே" என்று சொல்லிக்கொண்டே இவர் இடது பக்க ஹேண்டிலைத் தொட்டார்.

ஒயர்களுக்கு நடுவில் இருந்த அந்தச் சின்ன லிவரையும் சேர்த்துத்தான் நான் கட்டியிருந்தேன். இறுக்கி, மூன்று முடிச்சு. லிவர் கொஞ்சமாக அழுந்தியபடியே இருந்தது, அதனால்தான் வால்வு மூடவில்லை. ரப்பர் உறையும் கறுப்பு, ஒயரும் கறுப்பு, கயிறும் கறுப்பு. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

குட்டி யானைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், ஏத்திக்கலாமா? டைம் ஆய்க்கினே கீது."

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பத்து நிமிஷத்தில் போர்டிகோ காலி. அப்புறம் மழை பெய்தால் ஜன்னலில் நிற்கவேண்டாம், போனை எடுக்கவில்லை என்றால் நெஞ்சு அடைக்கவேண்டாம். இத்தனை வருஷம் நான் கேட்டது இதைத்தானே?

"சரிப்பா, ஏத்திடுங்க" என்றார் இவர். பழைய பனியன் துணியை எடுத்து டேங்கைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

அவர் நன்றாக இருக்கவேண்டும் என்று கட்டிய கயிறு. அதை வைத்தே அவரை இப்படி நிற்கவைத்துவிட்டேனே என்று எனக்குத் தாங்கவில்லை. என் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் குரல் உயரும்.

"நிறுத்துங்க! அந்தக் குட்டி லிவர்ல கயிறு கட்டியிருக்கேன். அதை அவுத்துட்டுப் பாருங்க."

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நானே போய் அவிழ்த்தேன். முடிச்சு விடவில்லை, நகம் பிய்ந்தது. கடைசி முடிச்சு விட்டதும் லிவர் டக்கென்று தன் இடத்துக்குப் போனது. பையன் மறுபடி உதைத்தான். இந்தத் தடவை கிக்கர் அவன் காலைத் திருப்பித் தள்ளியது. முள் நூறைத் தாண்டிப் போய் நின்றது. நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. இவரே பார்த்துக்கொண்டார்.

பையன் பெருமூச்சு விட்டு கேஜைக் கழற்றினான். குட்டி யானை காலியாகத் திரும்பிப் போனது.

இவர் பிளக்கை மாட்டினார், ஹெல்மெட்டைப் போட்டார், இரண்டாவது உதையில் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கயிறு என் உள்ளங்கையில் கசங்கிக் கிடந்தது. அந்த டப் டப் சத்தம் தெருமுனை திரும்பி, ஏரிக்கரைப் பக்கம் தேய்ந்து, அப்புறம் கேட்கவே இல்லை. கேட்டைப் பிடித்தபடி நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. அழுகை வரும்போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சத்தம் திரும்பி வந்தது. கேட்டுக்கு முன்னால் வந்து நிறுத்தினார், இஞ்சினை அணைக்கவில்லை.

"கயிறு வச்சிருக்கியா?"

கையை விரித்துக் காட்டினேன்.

"லிவர் பக்கம் போகாம, ஹெட்லைட்ல கட்டு" என்றார்.