காய்ந்து கிடந்த வாசல்

நான் பொய் சொன்னேன். அதனால் ஒரு மனுஷன் அடிபட்டான். பதினாறு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஐந்தாவது வரைதான் படித்தேன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் புதிதாக மனை போட்டுக் கட்டிய தெரு ஒன்று. சத்தமே இருக்காது. அங்கே வீட்டுக்கு வீடு வாசல் தெளிப்பது என் வேலை.

ஊருக்குப் போகிறவர்கள் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். பூட்டிய வாசலிலும் தினம் தண்ணீர் தெளித்துக் கோலம் போட வேண்டும். கோலம் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று திருடன் ஒதுங்கிப் போவான். அந்தத் தெருவுக்கு வேறு காவல் கிடையாது... என் கையிலிருந்த கோலமாவுதான்!

தெருக்கோடி வீடு டீச்சரம்மாவுடையது. குலதெய்வம் கும்பிடக் குடும்பத்தோடு கிளம்பினார். என்னை நம்பித்தான் போவதாகச் சொன்னார்.

முதல் நாள் போட்டேன். அடுத்த மூன்று நாள் போடவில்லை.

முட்டி வலி என்று உங்களிடம் சொல்லலாம். அதுவும் பொய். இரண்டு காலி மனை தாண்டி நடக்க வேண்டும்... சோம்பல். பூட்டின வீட்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

அவர்கள் திரும்பி வரும் நாள் காலையில் போனேன். தினம் போட்டவள் மாதிரி பெரிய கோலமாகப் போட்டேன்.

டீச்சரம்மா வந்து பார்த்தால் பின்கதவு உடைந்து கிடந்தது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை போயிருந்தது. தெருவே கூடிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தேன்காரர் வந்தார். கல்வராயன் மலைக்காரர். டீச்சரம்மா கேட்டிருந்த தேனைத் தகர டின்னில் கொண்டு வந்தார். இதற்கு முன் எப்போது வந்தாய் என்று ஆண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். அவர் மறைக்கவில்லை.

"முந்தாநாளும் நேத்தும் வந்தேங்க. தட்டிப் பாத்தேன், ஆளு இல்ல. வாசலு காஞ்சி கெடந்துது. கோலமே இல்லிங்க."

"பூட்டின வூட்டாண்ட ரெண்டு நாளா இன்னாத்துக்குடா நோட்டம் பாத்த?" என்றார் ஒருவர்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். டீச்சரம்மா கேட்டார். "நீ போட்டியா, இல்லியா?"

அந்தத் தெருவில் அன்றைக்கு உண்மை பேசியவர் தேன்காரர் ஒருத்தர்தான். போடவில்லை என்று ஒரு வார்த்தை... எனக்கு வந்ததா?

"தெனம் போட்டேங்க. இந்தாளு பொய் சொல்றான்."

அவர் என்னைப் பார்த்தார். அதற்குள் காதோடு ஓர் அறை விழுந்தது. பிறகு எத்தனை பேர் அடித்தார்கள் என்று தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். டின் கவிழ்ந்து, தேன் என் கோலத்தின்மேல் ஓடியது. எறும்பு மொய்த்த அந்த இடத்தை நான்தான் கழுவினேன்.

ஒரு மாசத்தில் சின்னசேலத்தில் உண்மையான திருடன் பிடிபட்டான். அடித்தவர்கள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும்தான். வெளியாட்கள் வரக்கூடாது என்று தெருமுனையில் போர்டு மட்டும் வைத்தார்கள்.

சொல்லிவிடலாம் என்று ஒருநாள் பஸ் ஏறி மலைக்குப் போனேன். வெள்ளிமலைச் சந்தையில் தேன்காரர் உட்கார்ந்திருந்தார். ஒருவர் விலை கேட்டார். இவர் தலையைத் திருப்பி மற்றக் காதைக் கொடுத்தார். அடி விழுந்த காது கேட்கவில்லை! என் கால் நின்றுவிட்டது.

அவரே என்னைப் பார்த்துவிட்டார்.

"வாசலு தெளிக்கிற அக்காதான நீங்க?"

"இல்லிங்க. நான் வேற ஊரு" என்றேன்.

அடுத்த பஸ்ஸில் மலையிறங்கி வந்துவிட்டேன். அவரைத் திரும்பப் பார்க்கவில்லை.

டீச்சரம்மா போன வாரம் மகள் வீட்டுக்குப் போனார். இப்போதெல்லாம் கோலம் போடச் சொல்வதோடு விடுவதில்லை. சாவியையும் என்னிடமே கொடுத்தார். அத்தனை பேர் முன்னால் அன்றைக்குத் தைரியமாக நின்று சொன்னவள் என்று இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார்.

சாவி இடுப்பில்தான் இருக்கிறது. எப்படி உட்கார்ந்தாலும் குத்துகிறது...