காளவாசலுக்குள் தெரிந்த வானம்

அகரம் கிராமத்துக்கு வெளியே கைவிடப்பட்ட பழைய சுண்ணாம்புக் காளவாசல் ஒன்று உண்டு. வட்டக் கிணற்றைத் தரைக்கு மேலே கட்டிவைத்தது போலிருக்கும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்ட அதன் உட்புறம் எப்படி இருக்கும் என்ற ஆவலில், போன மாதம் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு, அடியிலிருந்த துவாரம் வழியே தவழ்ந்து உள்ளே போனேன்.

நிமிர்ந்து பார்த்தால் தட்டளவு வானம். சுவரெல்லாம் அந்தக் காலத்து நெருப்பில் உருகி, கண்ணாடிபோல் மின்னியது. போட்டோ எடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஞாபகத்துக்கு ஒரு துண்டு வேண்டுமென்று, துவாரத்துக்கு மேலிருந்த கல்லைப் பிடித்து இழுத்தேன். நாலைந்து பெரிய கற்கள் சரிந்து வழியை அடைத்துவிட்டன. போனில் டவர் இல்லை. பயத்தில் கத்தினேன்.

"உள்ள யாரு? எதையும் தொடாம அங்கிட்டு ஒதுங்கி நில்லுங்க!" என்றது ஒரு பெண்குரல்.

ஆடு மேய்க்க வந்தவர். ஒவ்வொரு கல்லாகப் புரட்டி வழி உண்டாக்கினார். நான் வெளியே வந்தபோது அவர் விரல்களில் ரத்தம். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"உள்ள எப்புடிண்ணே இருக்கு?" என்று கேட்டார்.

போட்டோக்களைக் காட்டினேன். அந்த வட்ட வானத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"நீங்க உள்ள போனதே இல்லையாக்கா?"

"பத்து வருசமா இங்கிட்டுத்தேன் ஆடு மேய்க்கிறேன். போய்ப் பாக்கணும்னு அம்புட்டு ஆச. சிக்கிக்கிட்டா யாரு வந்து எடுப்பா?"

உள்ளே நுழையும்போது எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. கத்தினால் யாராவது வருவார்கள் என்ற நினைப்பிலேயே இத்தனை வருஷமும் இருந்திருக்கிறேன். அன்று ஓடி வந்தவருக்கு அந்த நினைப்பு ஒருநாளும் இருந்ததில்லை.