இருதயம்மாள் தாண்டிப் படித்த பத்தி

ரங்கூனின் பபேடானில் மூன்றாம் மாடியில் குடியிருந்த இருதயம்மாளுக்கு மாதா கோயில் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. சம்பளம் கொஞ்சம், பெருமை நிறைய. அவருடைய கொள்ளுத் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் கீழ்ப் பர்மாவில் ஆயிரம் ஏக்கர் நெல் விளைவித்த பண்ணை முதலாளி. வீடு போரில் எரிந்தது. நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மிச்சம் ஒரு தகரப் பெட்டி நிறையக் கடிதங்கள்தான்.

ஞாயிறு பூசை முடிந்து யாராவது அந்த மாடியேறினால் தப்ப முடியாது. மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் ஒரு கிண்ணம் கொடுத்து உட்காரவைத்து, கடிதம் வாசிப்பார். ரங்கூனிலிருந்த தம்பிக்குப் பெரியவர் எழுதியவை அவை. மனைவிக்கு லேஸ் வேண்டும், பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டும், எருமை கருப்பாயி கன்று போட்டிருக்கிறாள். எருமைக்குப் பெயர் உண்டு. கூலிகள் 'ஆள் முப்பது' என்று மட்டும் வருவார்கள். 1886ஆம் வருடக் கடிதம் ஒன்றில் ஒரு பத்தி வரும்போது இருதயம்மாள் இருமுவார், தண்ணீர் குடிப்பார், அடுத்த பத்திக்குப் போய்விடுவார். அது எங்களுக்குத் தெரியும். தின்ற மொஹிங்காவுக்கு மரியாதை கொடுத்துப் பேசாமல் இருந்தோம்.

1994 மழைக்காலத்தில், போட்டாதாங் துறையில் மூட்டை தூக்கும் தங்கவேலு அவரைத் தேடி வந்தார். அவர் மகள் பள்ளியின் கடைசி வகுப்பான பத்தாவது தேறியிருந்தாள். கல்லூரியில் சேர்க்கக் குடியுரிமை அட்டை வேண்டும். அட்டைக்கு, முன்னோர் வெகுகாலமாக இந்த நாட்டில் இருந்ததற்குச் சான்று வேண்டும். தங்கவேலுவின் தாத்தாவுடைய பழைய பதிவுச் சீட்டில் 'அய்யாசாமி மகன்' என்று இருந்தது. அந்த அய்யாசாமி இங்கே வாழ்ந்ததற்குத்தான் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"ஒங்க பண்ணையிலதாம்மா வேலை பாத்தாரு. எதுலயாச்சும் பேரு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கம்மா."

"அப்படி ஒரு பேரே இல்லப்பா. நான் எல்லாத்தையும் படிச்சவ."

"நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்று தங்கவேலு கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அவர் சண்டை போட்டிருந்தால் இருதயம்மாள் தாங்கியிருப்பார். கேட்டவுடன் நம்பியதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. சில நாள் கழித்து அந்த 1886 கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, மழையில் பஸ் பிடித்துத் துறைக்குத் தானே போனார்.

"பொய் சொல்லிட்டேன்ப்பா. பேரு இருக்கு. ஆனா நல்லபடியா இல்ல."

"இருக்காம்மா!" என்றார் தங்கவேலு. மீதி அவர் காதில் விழவே இல்லை.

குடியுரிமை அலுவலகத்துக்குத் துணையாக நானும் போனேன். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. இருதயம்மாள்தான் படித்துப் பர்மியத்தில் சொல்ல வேண்டும். எங்கே இருமிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் இருமவில்லை.

"அய்யாசாமி என்ற கூலி ஒரு கூடை விதைநெல் திருடினான். மரத்தில் கட்டி அடிக்கச் சொன்னேன். மற்ற ஆட்கள் நின்று பார்த்தது நல்லதாயிற்று."

ஒரு சொல்லையும் அவர் விடவில்லை. ஒழுங்காக வேலை செய்த இருபத்தொன்பது பேரின் பெயரும் அந்தப் பெட்டியில் எங்கும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டோ இருதயம், அடிக்கச் சொன்னது யார்?" என்று பர்மிய வழக்கப்படி மரியாதையாகக் கேட்டார் அதிகாரி.

"என் கொள்ளுத் தாத்தா."

வெட்கத்தில் அவர் முகம் சுருங்கிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது.

அதிகாரி தங்கவேலுவின் பக்கம் திரும்பினார். "ஊ தங்கவேலு, இதைக் கோப்பில் வைத்தால் உங்கள் முன்னோர் திருடர் என்று காலத்துக்கும் இருக்கும். பரவாயில்லையா?"

தங்கவேலு நிமிர்ந்து நின்று பர்மியத்திலேயே பதில் சொன்னார்:

"வையுங்கள் ஐயா. அவர் திருடியது இந்த மண்ணில் விளைந்த நெல்லைத்தானே."